எழுபது ஆண்டு தாமதித்த பதக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நாகையை ஆண்ட டச்சுக்காரர்களை மட்டுமே அறிந்த நம் பகுதி வாசகர்கள், ஹிட்லரின் படை ஆக்கிரமித்த டச்சு நாடான நெதர்லாந்தில் பதின்வயதிலேயே தலைமறைவு எதிர்ப்பியக்கத்தில் சேர்ந்து, துண்டறிக்கைகள் விநியோகித்து, ஆயுதமும் ஏந்திய ஹார்லெம் நகரச் சகோதரிகள் ட்ரூஸ், ஃபிரெடி ஓவர்ஸ்டேகன் பற்றியும் அறிய வேண்டும். அவர்களுடைய தோழி ஹன்னி ஷாஃப்ட், நெதர்லாந்தின் விடுதலைக்கு மூன்றே வாரம் இருக்கையில், 1945 ஏப்ரல் 17 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். சகோதரிகளுக்கோ, அந்நாட்டின் அன்றைய பிரதமர் மார்க் ருட்டே கையால் போர்ச் சிலுவைப் பதக்கம் கிடைத்தது 2014-இல்தான். கம்யூனிஸ்ட் தொடர்பே தாமதத்துக்குக் காரணம் என்பர். அதற்குள் இருவரும் தொண்ணூறை நெருங்கிவிட்டனர்.

நம் நிலை மட்டும் என்ன? 1930-இல் வேதாரண்யம் உப்பு யாத்திரைத் தொண்டர்களுக்குச் சோறிடுவோர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சை கலெக்டர் தார்ன் ஆணையிட்டபோது, வழியோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்ட கிராமத்தாருக்குத் தாமிரப் பட்டயமும் இல்லை, கல்வெட்டும் இல்லை. போலீஸ்காரருக்குச் சவரம் செய்ய மறுத்த வைரப்பனையாவது சிலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். யாத்திரை கடந்த ஊர்கள்தோறும், வயதானவர்கள் சொல்லக் கேட்டு அந்தக் குடும்பங்களின் பெயர்களைத் திரட்டிப் பொறிக்க மாவட்ட நிர்வாகங்கள் ஆவன செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருத்துறைப்பூண்டி