பி மதிப்பைப் பார்த்து மாறிகளைப் பொறுக்காதீர்கள்: மருத்துவக் கல்லூரி ஆய்வுக் குழுக்களுக்கும் வழிகாட்டிகளுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆய்வுக் குழு உறுப்பினர்களுக்கும் தீசிஸ் வழிகாட்டிப் பேராசிரியர்களுக்கும் வணக்கம்.

எம்.டி., எம்.எஸ். தீசிஸ்களின் ஆய்வுமுறைப் பகுதியில், துறை எதுவானாலும் ஒரு வாக்கியம் தவறாமல் இடம்பெறுகிறது: "தனித்தனிச் சோதனையில் பி மதிப்பு 0.05க்குக் குறைவாக வந்த மாறிகள் பன்மாறி ரிக்ரெஷனில் சேர்க்கப்பட்டன." (மாறி என்பது வயது, எடை போல ஆளுக்கு ஆள் மாறும் அளவு. பி மதிப்பு என்பது, உண்மையில் தொடர்பே இல்லாதபோதும் இவ்வளவோ இதைவிடப் பெரியதோ ஆன வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு. பன்மாறி ரிக்ரெஷன் என்பது பல மாறிகளை ஒன்றாக வைத்து, ஒவ்வொன்றும் விளைவோடு எவ்வளவு தொடர்புடையது என்று கணக்கிடுவது.) மாணவர் இந்த வாக்கியத்தை முந்தைய ஆண்டின் தீசிஸிலிருந்து எடுக்கிறார். வழிகாட்டி கையெழுத்திடுகிறார், குழுவும் ஒப்புதல் தருகிறது. இந்த வாக்கியம் இருக்கும் புரோட்டோகாலை, அதாவது ஆய்வுத் திட்டத்தை, திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்புங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறோம். மருத்துவ ஆய்வுகளுக்குப் புள்ளியியல் பார்ப்பதுதான் எங்கள் அன்றாட வேலை. தரவு எல்லாம் சேர்ந்த பிறகு எங்களிடம் வரும் தீசிஸ்களில் பெரும்பாலானவை புரோட்டோகால் கட்டத்திலேயே சரிசெய்திருக்கக்கூடியவை.

அந்த வாக்கியத்தில் என்ன தவறு என்பதை, உலகெங்கும் புள்ளியியல் வகுப்புகளில் பயன்படுத்தும் ஒரு தரவை வைத்தே காட்டலாம். அமெரிக்காவின் கிழக்கு பாஸ்டன் பகுதியில் 1970களில் 3 முதல் 19 வயது வரையிலான 654 பேரிடம் நுரையீரல் திறன் அளக்கப்பட்டது. ஒரு நொடியில் ஊதி வெளியேற்றும் காற்றின் அளவு, லிட்டரில். புகைக்காத 589 பேரின் சராசரி 2.57 லிட்டர், புகைக்கும் 65 பேரின் சராசரி 3.28 லிட்டர். அதாவது புகைப்பவர்களுக்கு 0.71 லிட்டர் அதிகம். பி மதிப்பும் மிக மிகச் சிறியது. இதை இப்படியே எழுதினால் புகைப்பது நுரையீரலுக்கு நல்லது என்றாகிவிடும்.

காரணம் வயது. புகைப்பவர்களின் சராசரி வயது 13.5, மற்றவர்களுடையது 9.5. வயதை ரிக்ரெஷனில் சேர்த்ததும் புகைத்தலின் குணகம் (ஒரே வயதினருக்குள் புகைப்பவருக்கும் புகைக்காதவருக்கும் உள்ள வித்தியாசம்) மைனஸ் 0.21 லிட்டராகத் தலைகீழாகிறது. உயரத்தையும் பாலினத்தையும் சேர்த்தால் மைனஸ் 0.09, அதன் 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளி (உண்மையான மதிப்பு இருக்கக்கூடிய எல்லை) மைனஸ் 0.20 முதல் பிளஸ் 0.03 வரை. ஒரே தரவு, ஒரே கேள்வி, மூன்று விடைகள். எது சரி என்பதைத் தீர்மானிப்பது வயதும் உயரமும் நுரையீரலோடு எப்படித் தொடர்புடையவை என்ற மருத்துவ அறிவு. பி மதிப்புக்கு அந்த வேலை தெரியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இரு குழுக்களின் வயது இடைவெளி இன்னும் குறைவாக இருந்திருந்தால், வயது மேலே இழுப்பதும் புகை கீழே இழுப்பதும் ஒன்றையொன்று சமன்செய்து, தனித்தனிச் சோதனையில் வித்தியாசமே தெரியாமல் போயிருக்கும். அப்போது அந்த வழக்கமான வாக்கியத்தின்படி, ஆய்வின் முக்கிய மாறியான புகைத்தலையே ரிக்ரெஷனில் இருந்து தள்ளியிருப்போம். இது எங்கள் கற்பனைப் பயம் இல்லை. தனித்தனிச் சோதனையால் மாறிகளை வடிகட்டுவது தவறு என்று 1996லேயே ஆய்விதழில் விரிவாக எழுதிவிட்டார்கள். கணினியே ஒவ்வொன்றாகச் சேர்த்தும் நீக்கியும் பார்க்கும் ஸ்டெப்வைஸ் முறைக்கும் இதே நோய்தான். மேலும் ஒரு கேடு: பல மாடல்களைப் பார்த்துவிட்டு, கடைசியில் தேறியதை மட்டும் முதலிலேயே திட்டமிட்டது போலக் காட்டுவதால், நம்பிக்கை இடைவெளி பொய்யாகக் குறுகிவிடும்.

சரி, எதைச் சேர்ப்பது? ஒவ்வொரு மாறிக்கும் ஒரே கேள்வி: நாம் ஆராயும் காரணத்துக்கும் விளைவுக்கும் நடுவில் இது எங்கே நிற்கிறது? இரண்டுக்கும் முன்னால் நின்று இரண்டையும் பாதிப்பதாக இருந்தால் சேர்க்க வேண்டும். காரணத்திலிருந்து விளைவுக்குப் போகும் வழியில் நின்றால், முழு விளைவைத் தேடும்போது சேர்க்கக் கூடாது. காரணமும் விளைவும் சேர்ந்து உண்டாக்கிய ஒன்றாக இருந்தால் கட்டாயம் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் இல்லாத தொடர்பு முளைக்கும்.

தாயின் ஹீமோகுளோபினும் குழந்தையின் பிறப்பு எடையும் என்ற தலைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தாயின் வயது, எத்தனையாவது பிரசவம், குடும்பப் பொருளாதார நிலை, கர்ப்பத்துக்கு முந்தைய எடை ஆகியவை முன்னால் நிற்பவை. பிரசவமான வாரம் அப்படியல்ல. இரத்தசோகையால் குறைப்பிரசவம் நேரலாம், குறைப்பிரசவத்தால் எடை குறையும். வாரத்தை ரிக்ரெஷனில் போட்டதும் அந்த வழியாக வந்த பாதிப்பு முழுவதும் அழிந்துவிடுகிறது. பிறகு முடிவுரையில் "ஹீமோகுளோபினுக்கும் பிறப்பு எடைக்கும் தொடர்பில்லை" என்று எழுதுகிறார்கள். வாரத்தைச் சேர்ப்பதே தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. அதே வாரத்தில் பிறந்த குழந்தைகளுக்குள் வளர்ச்சி குன்றியதா என்பது வேறு கேள்வி. அதற்கென்று தனிக் கவனம் தேவை. எந்தக் கேள்வி என்பதை முதலிலேயே எழுதிவிடுங்கள் என்கிறோம். ஒரு வெள்ளைத்தாளில் மாறிகளை எழுதி அம்புக்குறி போட்டால் அரை மணி நேரத்தில் முடியும். அந்தத் தாளைப் புரோட்டோகாலோடு இணைக்கச் சொல்லுங்கள்.

இப்படி ஒரு காரணத்துக்காகக் கட்டிய மாடலின் அட்டவணையில் உள்ள மற்ற குணகங்களை எல்லாம் தனித்தனிக் கண்டுபிடிப்புகளாகப் படிப்பதும் தவறு. தாயின் வயது மாடலுக்குள் வந்தது ஹீமோகுளோபினின் குணகத்தைச் சரிசெய்வதற்காக. வயதின் முழு விளைவு அதன் குணகத்தில் இல்லை.

அடுத்து மாதிரி அளவு. தீசிஸ்களில் 4பிகியூ/எல்² என்ற சூத்திரம் (பி நோயுள்ளோர் விழுக்காடு, கியூ மீதி விழுக்காடு, எல் அனுமதிக்கும் பிழை) எங்கும் காணப்படுகிறது. அது ஒரு நோய் எத்தனை விழுக்காட்டினருக்கு இருக்கிறது என்று மதிப்பிடுவதற்கானது. ரிக்ரெஷன் குணகத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. ஒரு மாறிக்கு 10 பேர் என்பது போன்ற விதிகளும் தோராயமே. அதிலும் ஐந்து வகுப்புகள் கொண்ட ஒரு மாறி நான்கு மாறிகளின் இடத்தைப் பிடிக்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இதைவிட நேர்மையான கணக்கு எளிது. பிறப்பு எடையில் விளக்கப்படாமல் எஞ்சும் திட்ட விலக்கம் (மதிப்புகள் சிதறும் அளவு) 400 கிராம் என்றும், ஹீமோகுளோபினின் திட்ட விலக்கம் 1.5 கிராம்/டெசிலிட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். 100 தாய்மார்கள் இருந்தால் (100இன் வர்க்கமூலம் 10) குணகத்தின் திட்டப் பிழை, அதாவது அந்த மதிப்பீட்டின் தடுமாற்ற அளவு, 400 ÷ (1.5 × 10), சுமார் 27 கிராம். ஹீமோகுளோபினின் மாறுபாட்டில் 30 விழுக்காட்டை மற்ற மாறிகளே விளக்கிவிட்டால், 0.7இன் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். 32 கிராம் ஆகும். நம்பிக்கை இடைவெளி இருபுறமும் திட்டப் பிழையின் ஏறத்தாழ இரு மடங்காக, 63 கிராம் விரியும். ஹீமோகுளோபின் ஒரு கிராம் கூடினால் எடை 40 கிராம் கூடும் என்பது உண்மையாகவே இருந்தாலும் இந்த ஆய்வு அதைத் தெளிவாகக் காட்டாது. 400 பேர் இருந்தால் இடைவெளி பாதியாகும். இந்த நான்கு வரிக் கணக்கைப் புரோட்டோகாலில் கேளுங்கள்.

மாறிகளை உள்ளிடும் விதத்தில் நாங்கள் திரும்பத் திரும்பக் காணும் பிழைகளையும் சொல்ல வேண்டும். குடும்பத்தின் சமூகப் பொருளாதார நிலையை அளக்கும் குப்புசாமி அளவுகோலின் வகுப்புகளை 1 முதல் 5 வரை எண்ணிட்டு அப்படியே ரிக்ரெஷனில் போடுகிறார்கள். எஸ்பிஎஸ்எஸ் மென்பொருளின் லீனியர் ரிக்ரெஷன் பெட்டி அதை வெறும் எண்ணாகவே எடுத்துக்கொள்ளும். வகுப்புகளுக்கு டம்மி மாறிகளை (அந்த வகுப்பென்றால் 1, இல்லையென்றால் 0) நாமே உருவாக்க வேண்டும், அல்லது ஜெனரல் லீனியர் மாடல் பகுதிக்குப் போக வேண்டும். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. அழகாக எண்ணாக அளந்த வயதையும் பிஎம்ஐ-யையும் இரண்டு குழுக்களாக வெட்டுகிறார்கள். நேர்கோட்டுத் தொடர்பில், இயல்புப் பரவல் (மணி வடிவப் பரவல்) கொண்ட ஒரு மாறியை நடு மதிப்பான மீடியனில் வெட்டினால் தகவலில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். 150 நோயாளிகளைச் சேர்க்க ஒரு மாணவர் படும் பாட்டை அறிந்தவர்கள் நீங்கள். அதில் 50 பேரைத் தூக்கி எறிவதற்குச் சமம் இது.

சூத்திரத்தால் வந்த மாறிகளிடம் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஃப்ரீடுவால்ட் சூத்திரத்தில் எல்டிஎல் என்பது மொத்தக் கொலஸ்ட்ராலில் இருந்து எச்டிஎல்லையும், ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்தது. எல்டிஎல்லை விளைவாக வைத்து இந்த மூன்றையும் காரணங்களாகப் போட்டால், ரிக்ரெஷன் அந்தச் சூத்திரத்தையே திருப்பிக் கொடுக்கும். கிரியாட்டினினை வைத்துக் கணக்கிட்ட ஈஜிஎஃப்ஆர்-க்கும் (சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தின் மதிப்பீடு) அப்படித்தான். வயதும் பாலினமும்கூட அந்தச் சூத்திரத்துக்குள் ஏற்கெனவே இருக்கின்றன. சிஸ்டாலிக், டயஸ்டாலிக், சராசரி தமனி அழுத்தம் மூன்றையும் ஒன்றாகப் போட்டால், மூன்றாவது முதலிரண்டில் இருந்து வந்ததென்பதால் கணக்கே ஓடாது. மருத்துவத் தரவில் ஆர் ஸ்கொயர் (விளைவின் மாறுபாட்டில் மாடல் விளக்கும் பங்கு) 0.98 என்று ஒரு தீசிஸ் காட்டினால், பாராட்டுவதற்கு முன் இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இரத்த அழுத்தம் விளைவு மாறியாக இருக்கும் ஆய்வுகளில் மருந்து உட்கொள்பவர்கள் ஒரு தனிச் சிக்கல். அவர்களிடம் நாம் அளப்பது மருந்து இறக்கிய அழுத்தம். அவர்களை நீக்கினால் அழுத்தம் அதிகமுள்ளவர்களே வெளியேறிவிடுவார்கள். "மருந்து: ஆம்/இல்லை" என்று ரிக்ரெஷனில் சேர்ப்பதும் தீர்வாகாது, ஏனெனில் அழுத்தம் அதிகம் என்பதால்தானே மருந்தே தொடங்கினார்கள். அளந்த சிஸ்டாலிக் மதிப்போடு 10 மி.மீ. போன்ற ஒரு நிலையான எண்ணைக் கூட்டிப் பகுப்பாய்வு செய்வது, எளிய வழிகளில் ஓரளவு தாங்கக்கூடியது. கூட்டும் எண்ணை மாற்றி 5, 15 என்றும் போட்டுப் பார்த்து, முடிவு மாறுகிறதா என்று எழுதச் சொல்லுங்கள்.

விடுபட்ட தரவு சத்தமில்லாமல் ஆளைக் குறைக்கும். 200 பேர், 10 மாறிகள், ஒவ்வொன்றிலும் அங்கங்கே 5 விழுக்காடு விடுபட்டிருந்தால், எல்லாம் முழுமையாக இருப்பவர்கள் சுமார் 120 பேர்தான். மென்பொருள் மற்றவர்களைக் கேட்காமலே விட்டுவிடும். அட்டவணையின் தலைப்பில் 200 என்றே இருக்கும். ஒவ்வொரு மாடலிலும் உண்மையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்ற எண் அட்டவணையில் வேண்டும். விடுபட்ட மதிப்புகளைப் பல முறை மதிப்பிட்டு நிரப்பும் மல்ட்டிபிள் இம்ப்யூட்டேஷன் செய்வதாக இருந்தால், விளைவு மாறியும் அதில் இருக்க வேண்டும்.

இனி மாடலைச் சோதிப்பது. தரவு இயல்புப் பரவலா என்று ஷபிரோ-வில்க் சோதனையை எல்லா மாறிகள் மேலும் ஓட்டுகிறார்கள். ரிக்ரெஷன் கேட்பது அதை அல்ல. எச்சங்கள் (அளந்த மதிப்புக்கும் மாடல் கணித்த மதிப்புக்கும் உள்ள வித்தியாசங்கள்) எப்படி இருக்கின்றன என்பதே கேள்வி, அதையும் படமாகப் பார்க்க வேண்டும். கணித்த மதிப்பு கிடை அச்சில், எச்சம் செங்குத்து அச்சில். புள்ளிகள் வளைந்தால் தொடர்பு நேர்கோடு இல்லை. விசிறி போல விரிந்தால் திட்டப் பிழைகளை நம்ப முடியாது. தனியாகத் தொலைவில் ஒரு புள்ளி நின்றால் முதலில் கேஸ் ஷீட்டை எடுத்துப் பாருங்கள், 11.2 என்ற ஹீமோகுளோபின் 112 என்று தட்டச்சாகியிருக்கலாம். ஒரே நோயாளியின் இரண்டு கண்களைத் தனித்தனி வரிகளாக வைத்திருந்தால் எந்தப் படமும் அதைக் காட்டித் தராது. அதற்கு, ஒரே ஆளின் அளவுகள் ஒன்றையொன்று ஒத்திருப்பதைக் கணக்கில் எடுக்கும் கலப்பு மாடல் தேவை.

படம் பார்ப்பது சடங்கு இல்லை என்பதற்கு அந்தப் பாஸ்டன் தரவே சான்று. அதில் எச்சங்கள் விசிறி போல விரிகின்றன. குழந்தை பெரிதாக ஆக நுரையீரல் அளவின் ஏற்ற இறக்கமும் பெரிதாகிறது. அளவின் லாகரிதத்தை எடுத்து அதே மாறிகளோடு ரிக்ரெஷனை ஓட்டினால் விசிறி பெரும்பாலும் அடங்குகிறது. புகைப்பவர்களின் திறன் சுமார் 4.5 விழுக்காடு குறைவு என்று வருகிறது, நம்பிக்கை இடைவெளியும் பூஜ்யத்தைத் தொடவில்லை. லாகரிதம் எடுத்ததற்குக் காரணம் எச்சப் படம். பி மதிப்பு இறங்கியது அதன் காரணம் அல்ல. இந்த வரிசையை மாணவர் மாற்றிவிடாமல் காப்பது உங்கள் பொறுப்பு. அதே தரவில் 9 வயதுக்குக் கீழ் புகைப்பவர் யாரும் இல்லை. அந்த வயதில் மாடல் சொல்வது கோட்டை நீட்டிப் பார்ப்பது மட்டுமே. இதையும் எழுத வேண்டும்.

உங்களிடம் கேட்பவை நான்கு. புரோட்டோகாலில் ஒரு பக்கப் பகுப்பாய்வுத் திட்டத்தைக் கட்டாயமாக்குங்கள்: முக்கியக் காரணம் எது, விளைவு எது, எந்த மாறிகள் ஏன் சேர்கின்றன, அம்புக்குறிப் படத்தோடு. மாதிரி அளவை, நடத்தப்போகும் பகுப்பாய்வுக்கே கணக்கிடச் சொல்லுங்கள். தீசிஸ் அட்டவணையில் சரிசெய்யாத குணகமும் சரிசெய்த குணகமும் அடுத்தடுத்து, அலகோடும் நம்பிக்கை இடைவெளியோடும் இருக்கட்டும். இது அவதானிப்பு ஆய்வுகளை எழுதுவதற்கென 2007இல் வந்த ஸ்ட்ரோப் வழிகாட்டுதல் கேட்பதுதான். தட்டணு எண்ணிக்கையை ஒன்றொன்றாக வைத்து 0.000 என்று குணகம் எழுதாமல் 10,000க்கு எவ்வளவு என்று எழுதச் சொல்லுங்கள். நான்காவதாக, புள்ளியியலாளரைத் தரவு சேர்ப்பதற்கு முன்பே, புரோட்டோகால் கூட்டத்திற்கே அழையுங்கள். தரவு முடிந்த பிறகு வரும் மாணவருக்கு, அளக்காமல் விட்ட ஒரு மாறியை எங்களால் எந்த மென்பொருளிலும் உருவாக்கித் தர முடியாது.

அடுத்த தொகுதியின் புரோட்டோகால்கள் உங்கள் மேசைக்கு வரும்போதே இதைத் தொடங்கலாம். திட்டப் பக்கத்தின் மாதிரிப் படிவத்தைத் தயாரிக்கவும், மாணவர்களோடு உட்கார்ந்து முதல் அம்புக்குறிப் படத்தை வரையவும் எங்கள் துறையினர் வருவார்கள்.

இப்படிக்கு,
மருத்துவ ஆய்வுகளில் பணியாற்றும் புள்ளியியலாளர்கள்