ஷட்டவுன் வேலைக்குப் போகலாமா என்று கேட்ட மருமகளுக்கு

அன்புள்ள மருமகளுக்கு,

கொழும்பில் டிசைன் ஒபிஸ் வேலை ஒன்று, சீனன்குடாப் பக்கம் ஆலை ஒன்றில் ஷட்டவுன் பிளானர் வேலை ஒன்று, அதாவது பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும் காலத்துக்குத் திட்டம் போடும் வேலை. இரண்டு கடிதமும் ஒரே கிழமையில் வந்திருக்கின்றன, நல்ல காலம்தான். அம்மா கொழும்புக்குப் போ என்கிறா. "மெயின்டனன்ஸ் என்றால் கிறீசும் தூசியும்தானே, இதுக்கா நாலு வருஷம் படிச்சாய்?" என்று கூடப் படித்தவர்கள் கேட்கிறார்கள் என்றாய். மாமா என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டிருந்தாய். போனில் சொல்லி முடிகிற விசயமில்லை. திருகோணமலையில் பொறியியல் படித்த வேறு பிள்ளைகளுக்கும் இதே யோசனை இருக்கும் என்பதால், உன்னிடம் கேட்டுவிட்டு எல்லாரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

என் பதில் இதுதான்: சீனன்குடாவுக்குப் போ.

ஒரு ஆலை ஓடிக்கொண்டிருக்கும்போது தொட முடியாத வேலைகள் சேர்ந்துகொண்டே போகும். பொயிலர் குழாய் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, வெசல் என்கிற அழுத்தத் தாங்கியின் உட்சுவரில் அரிப்பு உண்டா, ரிலீஃப் வால்வு சரியான அழுத்தத்தில் திறக்குமா என்பதெல்லாம் ஆலையை நிறுத்தி, ஆறவிட்டு, உள்ளே இருப்பதை வடித்து, கழுவி, திறந்து பார்த்தால்தான் தெரியும். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் இது பெரும்பாலும் நாலைந்து வருஷத்துக்கு ஒரு தடவை. சீமெந்துச் சூளைகளில் உள்ளே பதித்த, சூட்டைத் தாங்கும் தீக்கல் தேய்ந்துபோவதால் ஏறக்குறைய வருஷா வருஷம். நுரைச்சோலையில் 300 மெகாவாட் இயந்திரம் ஒன்று பராமரிப்புக்காக நிற்கப்போகிறது என்று பேப்பரில் வாசித்திருப்பாய். அதுவும் இதே வேலைதான். சில கிழமைகளுக்குள் ஆயிரக்கணக்கான வேலைகள், வழக்கத்தைப் போலப் பல மடங்கு ஆட்கள், இரவும் பகலும்.

ஆனால் பிளானருக்கு வேலை தொடங்குவது ஆலை நிற்பதற்கு ஒரு வருஷம் முன்னால். எதைத் திறக்கப்போகிறோம், எதைத் திறக்கத் தேவையில்லை என்று ஒவ்வொன்றாக வாதாடி ஒரு பட்டியல் எழுதி, ஒரு திகதியில் அதைப் பூட்ட வேண்டும். அதற்குப் பிறகு "இதையும் சேர்த்துக்கொள்ளுங்களேன்" என்று வருகிறவர்கள் எல்லாரும் நல்லவர்களாகத்தான் இருப்பார்கள். அவர்களுக்கு இல்லை என்று சொல்லப் பழக வேண்டும். சாமான் விசயம் அதைவிட முக்கியம். செய்து வரவே மாதக்கணக்கு எடுக்கும் பாகங்கள் உண்டு. அவை கப்பலேறி, கொழும்பில் சுங்கம் தாண்டி, லொறியில் ஹபரணை, கந்தளாய் வழியாக இங்கே வந்து சேர வேண்டும். ஆலை நின்ற பிறகு குழாய் இணைப்பில் கசியாமல் வைக்கும் ஒரு கேஸ்கட்டுக்காக முழு ஆலையும் காத்துக்கிடப்பதைப் பார்த்தவனுக்கு, பிளானர் வேலை மேசை வேலை என்று சொல்ல வாய் வராது.

இன்னொன்று, எங்கள் ஊரின் காலக்கணக்கு. வெளியூர் ஆலோசகர்கள் கொண்டு வரும் அட்டவணையில் இது இருக்காது, நீதான் சொல்ல வேண்டும். ஐப்பசி தொடங்கித் தை வரை வாடை மழை. அந்த நாட்களில் பெயின்ற், இன்சுலேஷன், திறந்தவெளி வெல்டிங் எல்லாம் தார்ப்பாய்க்குக் கீழேதான். வைகாசியிலிருந்து கச்சான் அடிக்கும். வெயிலும் தூசியும் ஒரு பக்கம், உயரத்துக்குத் தூக்குகிற கிரேன் வேலையைக் காற்று நிறுத்திவிடுவது இன்னொரு பக்கம். கிரேனின் அட்டவணையில் எழுதிய காற்று வேகத்தைத் தாண்டினால் கொக்கியை இறக்கிவிட்டுப் பொறுத்திருக்கத்தான் வேண்டும், அதில் பேச்சுக்கு இடமில்லை. இரண்டுக்கும் நடுவில் கிடைக்கிற மாசி, பங்குனி நல்ல காலம். ஆனால் சித்திரை வருஷப்பிறப்புக்கு முன்னரே முடித்துவிட வேண்டும். தெற்கிலிருந்து வருகிற வெல்டர்மாரும் ஃபிற்றர்மாரும் வருஷத்துக்கு வீட்டுக்குப் போகாமல் இருக்க மாட்டார்கள், இருக்கச் சொல்லவும் கூடாது. நோன்பு வரும் காலத்தையும் பார்த்துக்கொள். நோன்பு பிடித்துக்கொண்டு தாங்கிக்குள் இறங்கி வேலை செய்கிறவருக்கு நேரத்தை எப்படி மாற்றிக் கொடுப்பது என்பதும் திட்டத்துக்குள் வருகிற விசயம். வளைகுடா நாடுகளில் பெரிய ஷட்டவுன்களைக் குளிர் மாதங்களில் வைப்பதும் இதே காரணத்தால்தான். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்ரெம்பர் 15 வரை நண்பகல் 12.30 இலிருந்து 3 மணி வரை வெளிவெயிலில் வேலை வாங்கச் சட்டமே தடை போட்டிருக்கிறது.

சரி, இனி முக்கியமான விசயம். இந்தத் தொழிலில் என்னதான் இருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் சொல்வது ஒன்றுதான்: இந்த நிமிஷத்தில் ஆலையில் எது திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்பதைத் தெரிந்து வைத்திருப்பது. திட்டம், செலவு, பிரைமவேரா மென்பொருள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

பிளைண்ட் என்பதை நீ படத்தில் பார்த்திருப்பாய். குழாய்களை இணைக்கும் விளிம்பு வளையங்களான இரண்டு ஃபிளேஞ்சுக்கு நடுவில் செருகும் கெட்டியான இரும்புத் தட்டு. வால்வை மூடினால் போதாதா என்று புதியவர்கள் கேட்பார்கள். போதாது. வால்வு கசியும், யாராவது தெரியாமல் திறந்தும் விடலாம். தட்டு கசியாது. அதன் கைப்பிடி ஃபிளேஞ்சுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதில் சிவப்பு அடித்து, இலக்கத்தகடு கட்டி, பட்டியலில் எழுத வேண்டும்: எந்தக் குழாயில், என்ன அளவு, போட்டது யார், எப்போது, கழற்றியது யார், எப்போது, புதிய கேஸ்கட் வைத்தாயிற்றா. ஒரு பெரிய யூனிட்டில் இப்படி நூற்றுக்கணக்கில் போகும். ஆலை திரும்ப எழும்புவதற்கு முன் அந்தப் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு, சாரத்தில் ஏறி, ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்து டிக் போட வேண்டும். உன்னை முதலில் இந்தப் பட்டியலில்தான் போடுவார்கள். சின்ன வேலை என்று நினைத்துவிடாதே. முழு ஷட்டவுனிலும் அதைவிடப் பெரிய வேலை எனக்குத் தெரியாது.

வளைகுடாவில் ஒரு சீமெந்து ஆலையில் போல் மில்லுக்குள் உட்சுவரில் பதித்த லைனர் தகடுகளை மாற்றும் வேலை. மில் என்பது கிடையாகப் படுத்திருந்து சுழன்று அரைக்கும் பெரிய உருளை. முதல் அறையில் 90 மில்லிமீற்றர் வரை பருமனான இரும்புக் குண்டுகள் கிடக்கும். உள்ளே ஆட்கள் இறங்க ஆயத்தமாக நின்றார்கள். மெயின் மோட்டாருக்குப் பூட்டுப் போட்டாயிற்று, வேலைக்கு அனுமதி தரும் பெர்மிட்டில் கையெழுத்தும் ஆயிற்று. எங்கள் எலெக்ட்ரிக்கல் போர்மன் கிண்ணியாக்காரர், 2009இல் பாலம் வருமுன்னர் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறி இறங்கி வேலைக்குப் போய்ப் பழகியவர். நானா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். அவர் மில்லின் வாயில் வந்து நின்று, "இஞ்சிங் டிரைவுக்கு ஆர் பூட்டுப் போட்டது?" என்று கேட்டார். மெயின் மோட்டார் நின்றிருக்கும்போது மில்லை மெல்ல உருட்டிப் பார்க்கத் தனியாக ஒரு சின்ன மோட்டார் உண்டு, அதைத்தான் கேட்டார். ஒருவரும் பதில் சொல்லவில்லை. நானா சுவிட்ச் அறைக்குப் போய்ப் பார்த்தார், பிரேக்கர் போட்டபடி இருந்தது. அதை இறக்கி, தன் பூட்டைப் போட்டு, திறப்பைக் கழுத்தில் இருந்த நைலோன் கயிற்றில் கோத்துக்கொண்டு வந்தார். அப்புறம் மில் தன் பாரத்திலேயே உருளாமல் பிரேக் பிடித்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டுத்தான் ஆட்களை உள்ளே விட்டார். அன்று எத்தனை உயிர் தப்பியது என்று எந்த அறிக்கையிலும் இல்லை. அதற்காகத்தான் உனக்கு எழுதுகிறேன்.

இந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இல்லாமல் போன இடங்களை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. 1974இல் இங்கிலாந்தில் ஃபிளிக்ஸ்பரோ இரசாயன ஆலை. வரிசையில் நின்ற ரியக்டர்களில் ஐந்தாவதில் விரிசல் கண்டு அதைக் கழற்றினார்கள். உற்பத்தியைத் தொடர, நான்காவதையும் ஆறாவதையும் 20 அங்குலக் குழாய் ஒன்றால் இணைத்தார்கள். அந்தக் குழாய்க்கு முறையான வரைபடம் இல்லை, வேர்க்‌ஷொப் தரையில் சோக்கால் கீறியதுதான். ஜூன் 1ஆம் திகதி அது பிய்ந்து, ஆலை வெடித்தது. 28 பேர் போனார்கள். சனிக்கிழமையாக இல்லாவிட்டால் இன்னும் எத்தனையோ.

1988 ஜூலை 6, வடகடலில் பைப்பர் அல்ஃபா எண்ணெய் மேடை. ஒரு பம்ப்பின் ரிலீஃப் வால்வைச் சோதனைக்காகக் கழற்றிவிட்டு, அந்த இடத்தை ஒரு மூடியால் அடைத்திருந்தார்கள். பம்ப்பைப் பற்றிய பெர்மிட் ஒன்று, வால்வைப் பற்றிய பெர்மிட் வேறொன்று. இரவு ஷிஃப்டுக்கு வந்தவர்களுக்கு வால்வு இல்லை என்ற செய்தி போய்ச் சேரவில்லை. மற்றப் பம்ப் நின்றதும் இதை ஓட்டினார்கள். வாயு கசிந்து வெடித்தது. 167 பேர் போனார்கள். மூடியிருக்கிறது என்று நினைத்த ஒன்று உண்மையில் திறந்திருந்தது, அவ்வளவுதான் காரணத்தின் தொடக்கம்.

2005 மார்ச் 23, அமெரிக்காவின் டெக்சஸ் சிற்றி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. ஷட்டவுன் முடிந்து யூனிட்டை எழுப்பும் நேரம். கோபுரத்துக்குள் திரவம் அளவுக்கு மீறி நிரம்பியதை மட்டமானி காட்டவில்லை. அதனால் வந்த வெடிப்பில் இறந்த 15 பேரும் பக்கத்தில் தற்காலிக டிரெய்லர்களிலும் அவற்றைச் சுற்றியும் இருந்த கொன்ட்ராக்ட் ஆட்கள். அங்கே ஒப்பரேட்டர்மார் 12 மணி நேர ஷிஃப்டில் 29 நாட்களும் அதற்கு மேலும் விடுமுறையின்றித் தொடர்ந்து வேலை செய்திருந்தார்கள் என்று விசாரணையில் வந்தது. பிளானர் எழுதும் ஷிஃப்ட் அட்டவணையில் ஒரு நாள் ஓய்வு இருக்கிறதா இல்லையா என்பது இவ்வளவு தூரம் போகும்.

எங்கள் நாட்டில் இதற்குள் இன்னொரு சிக்கல் உண்டு, மொழி. பெர்மிட் ஆங்கிலத்தில் இருக்கும். சாரம் கட்டுகிறவர் மூதூர்க்காரர், வெல்டர் குருநாகல்காரர், தாங்கிக்கு வெளியே காவல் நிற்கிற பையன் தம்பலகாமத்திலிருந்து முதல் தடவையாக ஆலைக்குள் வந்தவன். மூன்று பேரும் ஒரே தாளில் கையெழுத்துப் போடுவார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. இதை நான் பொறுத்துக்கொண்டதே இல்லை. நீயும் பொறுத்துக்கொள்ளாதே. பெர்மிட்டைத் தமிழிலும் சிங்களத்திலும் அடித்துக் கொடு. காலையில் வேலை தொடங்குமுன் நின்றபடி பேசும் அந்தப் பத்து நிமிஷத்தை இரண்டு மொழியிலும் நடத்து. ஒட்சிசன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் ஒருவரும் உள்ளே போகக் கூடாது என்பதையும், நைதரசனுக்கு மணம் இல்லை, இரண்டு மூச்சில் ஆளை விழுத்திவிடும், விழுந்தவரைத் தூக்கக் கருவியில்லாமல் பாய்கிறவரும் விழுவார் என்பதையும் அவரவர் மொழியில் சொல்லாமல் விடுவது பெரிய பாவம். உன் சிங்களம் இன்னும் கொஞ்சம் தேற வேண்டும். இப்போதே தொடங்கு.

பெண்பிள்ளை என்பதால் அம்மாவுக்குப் பயம். அந்தப் பயத்தை நான் தட்டிக்கழிக்கவில்லை. இரவு ஷிஃப்ட் உண்டு. பல தளங்களில் பெண்களுக்கு ஒழுங்கான கழிப்பறைகூட இருக்காது. கேட்டு வாங்கு, வேலையில் சேருமுன்னரே கேள். உன் சொல்லை முதலில் மதிக்காத போர்மன்மார் இருப்பார்கள். நீ சாரத்தில் ஏறி ஃபிளேஞ்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து பேசினால், அவர்களில் பலர் உனக்குத் தொழில் சொல்லித்தருகிறவர்களாக மாறிவிடுவார்கள். அப்படித்தான் நான் பார்த்த பெண் எஞ்சினியர்மார் எல்லாரும் நிலைத்தார்கள்.

மேலே போகிற வழி தெளிவானது: பிளானர், கோடினேற்றர், பிறகு ஷட்டவுன் மனேஜர். இடையில் அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனத்தின் ஏபிஐ 510, 570 போன்ற பரிசோதகர் சான்றிதழ்களை எடுத்துவிட்டால் வளைகுடாவிலும் அதற்கப்பாலும் கதவு திறக்கும். சம்பளத்தைப் பற்றிக் கவலைப்படாதே, இந்த அனுபவம் உள்ள ஆட்களுக்கு எங்கேயும் தட்டுப்பாடுதான்.

கடைசி இரண்டு நாளைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. எல்லாரும் களைத்திருப்பார்கள். தலைமையகத்திலிருந்து மணிக்கொரு தரம் போன் வரும். "எப்ப ஸ்டார்ட் பண்றீங்க?" இன்னும் சில பிளைண்ட் கழற்றவில்லை, ஒரு வால்வின் சோதனைத் தாள் வரவில்லை என்ற நிலையில் அந்தப் போனை எடுக்கிறவர் நீயாக இருக்கும் ஒரு நாள் வரும். தாமதமாகிற ஒவ்வொரு நாளும் பெருந்தொகை நட்டம் என்பது அவர்கள் பக்கத்து நியாயம், பொய்யில்லை. இருந்தாலும் பட்டியல் முடியாமல் நீ சரி என்று சொல்லக் கூடாது.

ஆகவே திங்கட்கிழமை அவர்களைச் சந்திக்கப் போகும்போது சம்பளத்துக்கு முன்னால் இதைக் கேள்: ஸ்டார்ட்டுக்கு முன் வைக்கும் பாதுகாப்புப் பரிசோதனையில் கடைசிக் கையெழுத்து யாருடையது? அவர் வேண்டாம் என்றால் உற்பத்தி மனேஜர் அதை மீற முடியுமா? போன ஷட்டவுனின் பிளைண்ட் பட்டியலை எனக்குக் காட்ட முடியுமா? காட்டினால், கழற்றிய திகதிக் கட்டங்கள் ஒவ்வொரு வரியிலும் வேறு வேறு பேனாவில் நிரப்பியிருக்கிறதா, ஒரே பேனாவில் ஒரே மூச்சில் மேலிருந்து கீழாக நிரப்பியிருக்கிறதா என்று பார். அதைப் பார்த்த பிறகு எனக்குப் போன் பண்ணு, அம்மாவிடம் நான் பேசுகிறேன்.

அன்புடன்,
மாமா
உவர்மலை, திருகோணமலை