ஸ்டார் சிறப்பு வகுப்பை ஏன் நிறுத்துகிறோம்: டெக்சாஸ் பெற்றோருக்கு எங்கள் டியூஷன் சென்டரின் மடல்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பிப்ரவரி பிறந்துவிட்டால் "ஸ்டார் கேம்ப் எப்போது?" என்று ஃபோன் வர ஆரம்பித்துவிடும். இந்த வருடமும் வருகிறது. ஒவ்வொருவரிடமும் பாதி பாதியாகச் சொல்வதைவிட எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தோம்.

டெக்சாஸ் பள்ளிகளில் மாநிலம் நடத்தும் ஸ்டார் (STAAR) தேர்வுக்காக மார்ச், ஏப்ரலில் நடத்திவந்த ஆறு வார சிறப்பு வகுப்பை, அதாவது அந்த கேம்பை, இனி நடத்தப்போவதில்லை. முன்பணம் கட்டியவர்களுக்கு முழுத் தொகையும் திரும்ப வந்துவிடும். வாரம் இரண்டு நாள் நடக்கும் கணக்கு, ஆங்கில வகுப்புகள் எப்போதும் போல நடக்கும்.

காரணத்தைச் சொல்ல எங்கள் தவறிலிருந்துதான் தொடங்க வேண்டும். 2022 மார்ச்சில் ஐந்தாம் கிரேடு பையனின் அப்பா ஒருவர் வந்தார். "இதில் ஃபெயில் ஆனால் ஆறாவதுக்கு அனுப்ப மாட்டார்களாமே, உண்மையா?" என்று கேட்டார். உண்மைதான் என்றோம். அன்றே பணம் கட்டிச் சேர்த்தார். அடுத்த சில வாரங்கள் அந்தப் பையன் வகுப்புக்கு வரும்போதெல்லாம் வயிற்றுவலி என்றான். ஒருநாள் அவன் அம்மா சட்டத்தை பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தார். 1999இல் போட்ட சட்டத்தின்படி ஐந்தாவதிலும் எட்டாவதிலும் தேர்ச்சி பெற்றால்தான் அடுத்த கிரேடு என்ற விதி இருந்தது வாஸ்தவம். ஆனால் 2021இல் வந்த எச்.பி. 4545 என்ற மாநிலச் சட்டம் அதை எடுத்துவிட்டது. சட்டம் மாறி மாதக்கணக்காகியும் நாங்கள் பழையதையே சொல்லிக்கொண்டிருந்தோம். அந்தப் பிள்ளை பயந்தது எங்கள் வாய்வார்த்தையால். அந்தக் குடும்பத்திடம் அப்போதே மன்னிப்புக் கேட்டோம். உங்களிடமும் கேட்கிறோம், ஏனென்றால் அந்த வருடம் வேறு எத்தனை பேரிடம் அதையே சொன்னோம் என்று எங்களுக்கே கணக்கில்லை.

அதற்கப்புறம்தான் சட்டத்தை நாங்களே எடுத்துப் படிக்க ஆரம்பித்தோம்.

முதலில் ஒன்று தெளிவாக வேண்டும். தேர்வு வைத்தே ஆக வேண்டும் என்பது வாஷிங்டன் போட்ட சட்டம். என்ன தேர்வு, தவறினால் என்ன ஆகும் என்பது டெக்சாஸ் தலைநகர் ஆஸ்டின் போடும் சட்டம். 2015 டிசம்பரில் கையெழுத்தான மத்தியச் சட்டப்படி மூன்றிலிருந்து எட்டாம் கிரேடு வரை ஒவ்வொரு வருடமும், ஹைஸ்கூலில் ஒருமுறையும், வாசிப்புக்கும் கணக்குக்கும் மாநிலத் தேர்வு உண்டு. அறிவியலுக்குச் சில கிரேடுகளில் மட்டும். டெக்சாஸ் அதற்கும் முன்னதாகவே, 1980இல், தன் முதல் தேர்வைத் தொடங்கிவிட்டது. டாப்ஸ், டீம்ஸ், டாஸ், டாக்ஸ் என்று பெயர் மாறி மாறி 2012இல் ஸ்டார் ஆனது.

சரி, இன்றைய சட்டப்படி ஒரு பிள்ளை ஸ்டாரில் தவறினால் என்ன ஆகும்? மூன்று முதல் எட்டாம் கிரேடு வரை, ஸ்டாரில் தவறியதற்காக மட்டும் பிள்ளையை அதே கிரேடில் நிறுத்த வேண்டும் என்று மாநிலச் சட்டம் சொல்லவில்லை. வருடம் முழுக்க வாங்கிய மதிப்பெண், ஆசிரியரின் பரிந்துரை, ஸ்டார் முடிவு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் (அந்தப் பகுதிப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) முடிவெடுக்கும். ஆனால் சட்டம் பள்ளியின் தலையில் ஒரு கடமையைக் கட்டியிருக்கிறது. "அப்ரோச்சஸ்" என்ற குறைந்தபட்சத் தேர்ச்சி நிலையைக்கூடத் தொடாத பிள்ளைக்குப் பள்ளி இலவசமாகக் கூடுதல் பாடம் நடத்தியாக வேண்டும். 2023இல் வந்த எச்.பி. 1416 இதற்கு அளவும் வைத்திருக்கிறது. பிள்ளை எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்து ஒரு பாடத்துக்கு 15 மணி நேரம் அல்லது 30 மணி நேரம். ஒரு ஆசிரியரிடம் நான்கு பிள்ளைகளுக்கு மேல் உட்காரக் கூடாது. இரண்டு பாடங்களுக்கு மேல் கட்டாயமில்லை. தகுந்த தரச்சான்று பெற்ற ஆசிரியரின் வகுப்பில் பிள்ளையைப் போட்டுவிட்டால் இந்த மணிக்கணக்கு தேவையில்லை. கூடுதல் பாடம் வேண்டாம் என்று பெற்றோர் எழுதிக் கொடுக்கவும் வழி இருக்கிறது.

எங்களுக்கு மிகவும் பிடித்த வரி அந்தச் சட்டத்தின் உள்ளே இருக்கிறது. இந்தக் கூடுதல் பாடத்துக்காகப் பிள்ளையை வழக்கமான வகுப்பிலிருந்தோ, ரீசெஸ் என்ற விளையாட்டு இடைவேளையிலிருந்தோ, உடற்பயிற்சியிலிருந்தோ தனியாகப் பிரித்துக் கூட்டிப்போகக் கூடாது. உங்கள் பிள்ளை "நான் மட்டும் ரீசெஸுக்குப் போகவில்லை" என்று வீட்டில் சொன்னால் அதைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். பள்ளியில் போய்க் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

பள்ளி சட்டப்படி இலவசமாகத் தரவேண்டிய 30 மணி நேரத்தை வாங்காமல், எங்களிடம் பணம் கட்டிய குடும்பங்கள் பல. அது எங்கள் மனதை உறுத்தியது. கேம்பை நிறுத்த முதல் காரணம் அதுதான்.

ஹைஸ்கூல் விஷயம் வேறு. அங்கே பயத்துக்குக் கொஞ்சம் இடம் உண்டு. இங்கிலீஷ் ஒன், இங்கிலீஷ் டூ, அல்ஜீப்ரா ஒன், பயாலஜி, அமெரிக்க வரலாறு என்ற ஐந்து இறுதித் தேர்வுகளிலும் தேர்ச்சி பெற்றுத்தான் ஹைஸ்கூல் முடித்ததற்கான பட்டயம் (டிப்ளமா) வாங்க வேண்டும் என்று இருக்கிறது. ஒருகாலத்தில் 15 தேர்வுகள் வைக்கத் திட்டமிட்டிருந்தார்கள். பெற்றோர் கொதித்தெழுந்ததால் 2013இல் எச்.பி. 5 அதை ஐந்தாகக் குறைத்தது. அப்புறம் 2015இல் இன்னொரு சட்டம் ஒரு வாசலைத் திறந்தது. இரண்டு தேர்வுகள் வரை தவறிய மாணவருக்காகப் பள்ளியில் ஒரு குழு கூடி, அவருடைய மற்ற உழைப்பைப் பார்த்துப் பட்டயம் தரலாம். இந்தக் குழுவைப் பற்றிப் பள்ளியின் மாணவர் ஆலோசகரிடம் (கவுன்சிலர்) கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

நம் வீடுகளில் ஸ்டாரைவிட அதிகமாகப் பேசப்படுவது அட்வான்ஸ்டு மேத் என்ற மேல்நிலைக் கணக்கு வகுப்பு. அதற்கும் இந்தத் தேர்வுக்கும் இப்போது சட்டப்படியே தொடர்பு உண்டு. 2023இல் வந்த எஸ்.பி. 2124 என்ற சட்டப்படி, ஐந்தாம் கிரேடு கணக்குத் தேர்வில் மேலிருந்து 40 சதவீதத்துக்குள் வரும் பிள்ளையை ஆறாம் கிரேடில் தானாகவே அட்வான்ஸ்டு மேத்தில் சேர்க்க வேண்டும். யாரிடமும் போய் நிற்க வேண்டாம், சிபாரிசு வேண்டாம். வேண்டாம் என்றால்தான் பெற்றோர் எழுதிக் கொடுக்க வேண்டும். இதற்கு முன்னால் எந்தப் பிள்ளை அந்த வகுப்புக்குப் போகும் என்பது, கேட்கத் தெரிந்த பெற்றோரின் பிள்ளை, கேட்கத் தெரியாத பெற்றோரின் பிள்ளை என்று பிரிந்துபோனதை நாங்களே பார்த்திருக்கிறோம். திறமை இருந்தும் யாரும் கை நீட்டாததால் பின்தங்கிய பிள்ளைகளுக்கு இந்தச் சட்டம் நிஜமாகவே நல்லது. அட்வான்ஸ்டு வழியில் போகும் பிள்ளை பெரும்பாலும் எட்டாவதிலேயே அல்ஜீப்ரா ஒன் படித்துவிடும். அப்போது எட்டாம் கிரேடு கணக்கு ஸ்டாருக்குப் பதில் அல்ஜீப்ரா ஒன் இறுதித் தேர்வை எழுதும். பட்டயத்துக்கான ஐந்தில் ஒன்று அங்கேயே முடிந்துவிடும்.

ஆனால் நாற்பது சதவீதம் என்பது ஆறு வாரத்தில் பிடிக்கிற இடம் இல்லை. பின்னத்தில் தடுமாறும் பிள்ளைக்கு மார்ச் மாதம் மாதிரித் தாள் கொடுத்தால் மாதிரித் தாள்தான் பழகும். மூன்றாவதிலும் நான்காவதிலும் பின்னம் உட்கார வேண்டும். அதை வாராந்திர வகுப்பில்தான் செய்ய முடியும்.

நியூயார்க்கிலிருந்து மாறி வந்த ஒரு குடும்பம், தேர்வே வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாமா என்று கேட்டார்கள். அங்கே 2015இல் ஐந்தில் ஒரு பங்குக் குழந்தைகள் தேர்வு எழுத மறுத்தார்கள். கலிபோர்னியாவில் பெற்றோர் எழுதிக் கொடுத்தால் விலக்கு உண்டு என்று சட்டமே சொல்கிறது. டெக்சாஸில் அப்படி இல்லை. தேர்வைத் தவிர்ப்பதற்காகப் பிள்ளையை வகுப்பிலிருந்து கூட்டிப்போகப் பெற்றோருக்கு உரிமை இல்லை என்று கல்விச் சட்டத்தின் 26.010ஆம் பிரிவில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. அதனால் இங்கே அந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

அடுத்தது, புதிதாகப் பள்ளியில் சேர்க்கும் பெற்றோருக்கு. பதிவின்போது வீட்டில் பேசும் மொழி என்ன என்று ஒரு படிவம் தருவார்கள். "இங்கிலீஷ் என்று போட்டுவிடுங்கள், தமிழ் என்று போட்டால் பிள்ளையைத் தனி வகுப்பில் தள்ளிவிடுவார்கள்" என்று வாட்ஸ்அப்பில் யாராவது சொல்லியிருப்பார்கள். உண்மையை எழுதுங்கள். தமிழ் என்று எழுதினால் பிள்ளைக்கு ஆங்கிலத் திறன் சோதனை ஒன்று வைப்பார்கள், அவ்வளவுதான். அதில் தேறிவிட்டால் விஷயம் முடிந்தது. தேறாவிட்டால் ஆங்கில உதவிக்குத் தகுதி கிடைக்கும். ஆங்கிலம் கைகூடியது என்று பள்ளி தீர்மானிக்கும் வரை ஒவ்வொரு வருடமும் டெல்பாஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வு வரும். அந்த உதவி வேண்டாம் என்று நீங்கள் மறுத்தாலும் டெல்பாஸ் எழுதித்தான் ஆக வேண்டும். சோதனை முடிந்த பிறகு படிவத்தை மாற்ற முடியாது, அதனால் நிதானமாகப் படித்து நிரப்புங்கள்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி உண்டு. ஒரு டிஸ்ட்ரிக்டில், ஒரே கிரேடில், ஒரே தாய்மொழி பேசும், ஆங்கிலம் பழகிவரும் பிள்ளைகள் 20 பேர் இருந்தால் இருமொழிக் கல்வித் திட்டம் தர வேண்டும் என்கிறது டெக்சாஸ் சட்டம். எந்த மொழி என்று அது பார்ப்பதில்லை. ஆசிரியர் கிடைக்கவில்லை என்று டிஸ்ட்ரிக்ட் விலக்குக் கேட்கலாம். இருந்தாலும் கணக்கெடுப்பில் நம் பிள்ளைகள் தமிழ்ப் பிள்ளைகளாகத் தெரிந்தால்தான் அந்தக் கேள்வியே எழும். ஸ்டார் தேர்வு மூன்று முதல் ஐந்தாம் கிரேடு வரை ஸ்பானிய மொழியில் உண்டு. தமிழில் இல்லை.

இனி நாங்கள் என்ன செய்யப்போகிறோம் என்பதற்கு வருகிறோம்.

போன கோடையில் ஒரு அம்மா தன் நான்காம் கிரேடு மகனின் முடிவைக் காட்டி, "இவனுக்கு வாசிப்பே வரவில்லை, கேம்பில் போடுங்கள்" என்றார். மாநிலத்தின் தேர்வு இணையதளத்தில், பிள்ளைக்குரிய கோடு எண்ணை (access code) போட்டால் பிள்ளை எழுதிய விடைகளையே பார்க்கலாம். அவருடைய ஃபோனிலேயே திறந்தோம். கேள்வி கேள்வியாகப் போனோம். பத்தியைப் படித்துத் தெரிவு செய்யும் கேள்விகளில் பெரும்பாலும் சரி. கடைசியில் கட்டுரை. பத்து மதிப்பெண்ணுக்கு அவன் வாங்கியது பூஜ்யம். அவன் தட்டச்சு செய்திருந்ததை அந்த அம்மா சத்தமாகப் படித்தார். பாட்டி வீட்டு நாயைப் பற்றி ஐந்து வரி, அழகான வரிகள். ஆனால் கேட்டிருந்தது கொடுத்த கதையில் வரும் நாயைப் பற்றி. கதையிலிருந்து ஒரு வரிகூட எடுத்துக்காட்டவில்லை. கருத்துக்கு மதிப்பெண் விழாவிட்டால் எழுத்துப்பிழை இல்லாமல் எழுதியதற்கும் மதிப்பெண் கிடையாது என்பது விதி. பிள்ளைக்கு வாசிப்பு நன்றாகவே வந்தது. "கதையில் எங்கே இருக்கிறது, காட்டு" என்று கேட்டு அவனைப் பழக்க ஆளில்லை. அந்த அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் அந்த ஐந்து வரியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டார்.

அந்த இருபது நிமிடம் ஆறு வார கேம்பைவிட அவனுக்கு உதவியது. அதனால் இனி அதையே செய்கிறோம். மார்ச் முதல் சனிக்கிழமைகளில் காலை 9 மணியிலிருந்து 12 வரை, ஒரு குடும்பத்துக்கு இருபது நிமிடம், கட்டணம் இல்லை. போன வருட விடைகளைத் திறந்து உங்களோடு உட்கார்ந்து பார்ப்போம். கோடு எண் பள்ளியின் பெற்றோர் தளத்தில் இருக்கும். கிடைக்காவிட்டால் பள்ளி ஆபீசில் கேளுங்கள். மூன்றாம் கிரேடு பிள்ளைகளுக்குப் போன வருட விடை இருக்காது. அவர்களுக்கு மாநிலம் வெளியிட்டிருக்கும் பழைய வினாத்தாளை வைத்துப் பார்க்கலாம். ஜூனில் முடிவு வந்ததும் மறுபடி வாருங்கள்.

புதுத் தேர்வு வருகிறதாமே என்று கேட்பவர்களுக்கு: ஆமாம். 2025 செப்டம்பரில் கவர்னர் கையெழுத்திட்ட எச்.பி. 8 படி ஸ்டார் போய், வருடத் தொடக்கத்தில், நடுவில், முடிவில் என்று மூன்று சிறிய தேர்வுகள் வரும். முடிவும் இரண்டு நாளில் வந்துவிடும். ஆனால் அது 2027-28 கல்வியாண்டிலிருந்துதான். அதுவரை, 2026-27 கல்வியாண்டு முடிய, ஸ்டார்தான். "புதுத் தேர்வுக்கு இப்போதே தயாராகுங்கள்" என்று யாராவது பேக்கேஜ் விற்றால் அவசரப்பட்டு வாங்காதீர்கள். நாங்களும் விற்க மாட்டோம்.

சனிக்கிழமை வரும்போது பிள்ளையையும் கூட்டிவாருங்கள். தான் எழுதியதைத் தானே படிக்கட்டும். ஏப்ரலில் உங்கள் பள்ளியின் தேர்வு தேதி தெரிந்ததும் எங்களுக்கு ஒரு மெசேஜ் போடுங்கள். தேர்வு நாளன்று மாலை அந்தப் பிள்ளைக்கு வகுப்பு கிடையாது, வேறொரு நாளில் ஈடுசெய்துகொள்ளலாம்.

அன்புடன்,
உங்கள் டியூஷன் சென்டர் ஆசிரியர்கள்