கடைசி வாங்குப் பிள்ளைகளுக்காக: 30 ஆசிரியர்களின் பயிற்சிக்கு உங்கள் பங்கைக் கேட்கிறோம்

அன்புடையீர், வணக்கம்.

பாடசாலைக்கு உதவி என்றதும் நம்மவர்கள் முதலில் கேட்பது, "என்ன கட்டப் போறீங்க?" என்பதுதான். தண்ணீர்த் தாங்கி, மலசலகூடம், ஸ்மார்ட் போர்ட் என்றால் பெயர் பொறிக்கலாம், படம் எடுக்கலாம். அதெல்லாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இம்முறை நாங்கள் கையேந்துவது பெயர் பொறிக்க இடமே இல்லாத ஒரு காரியத்துக்கு. மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கத் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளில் ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கும் 30 ஆசிரியர்களுக்கு, ஆறு சனிக்கிழமைகளில், அட்டனில் வைத்து உட்படுத்தல் கல்விப் பயிற்சி கொடுக்கப் போகிறோம். கண் சரியாகத் தெரியாத பிள்ளை, காது மந்தமான பிள்ளை, எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளை, ஓரிடத்தில் இருக்க முடியாத பிள்ளை என எல்லாரையும் ஒரே வகுப்பில் வைத்துப் படிப்பிப்பது எப்படி என்பதே பயிற்சி.

சட்டத்தில் குறை இல்லை. இயலாமையைக் காரணம் காட்டி ஒரு பிள்ளைக்குப் பாடசாலை அனுமதியை மறுக்கக் கூடாது என்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. 2016 முதல் 5 வயதிலிருந்து 16 வயது வரை கல்வி கட்டாயம். ஆகவே பிள்ளை வகுப்புக்குள் வந்துவிடுகிறது. வந்து, கடைசி வாங்கில் உட்கார்ந்துவிடுகிறது.

தரம் 4 மாணவன் ஒருவனைச் சொல்கிறோம். 'கொழுந்து' என்று எழுதச் சொன்னால் 'கெழுந்து' என்று எழுதுகிறான். அம்மா தினமும் எடுக்கிற கொழுந்துதான். வாயால் பிழையில்லாமல் சொல்கிறான், எடை போடுவதைக் கதை கதையாகச் சொல்கிறான், கையில் மட்டும் வரவில்லை. நம் எழுத்தில் கெ, கே, கை எல்லாவற்றிலும் குறி முன்னால் நிற்கிறது, அதன் சத்தமோ பின்னால் வருகிறது. கொ, கோ என்றால் இரண்டு பக்கமும் குறி. பெரும்பாலான பிள்ளைகள் பழக்கத்தில் இதைத் தாண்டிவிடுவார்கள். டிஸ்லெக்சியா என்கிற வாசிப்புச் சிரமம் உள்ள பிள்ளை இங்கேயே சிக்கிக்கொள்ளும். அதை நூறு தடவை எழுத வைத்தால் கைதான் வலிக்கும். எழுத்தையும் குறியையும் தனித்தனி அட்டைகளாக வெட்டிக் கொடுத்து, சத்தம் சொல்லிக்கொண்டே கையால் சேர்க்க வைத்தால் மெல்ல மெல்லப் பிடிபடும். இது தெரியாதபோது பிள்ளைக்கு 'மக்கு' என்று பெயர் விழுகிறது. தாயும் நம்பிவிடுகிறார்: "அவனுக்கு மண்டையில ஏறாது டீச்சர், விடுங்க."

ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை. பலர் ஆசிரிய உதவியாளர்களாக வேலைக்கு வந்து, வகுப்பெடுத்துக்கொண்டே பயிற்சி முடித்தவர்கள். விசேட கல்வியை முறையாகப் படிக்கலாம் என்றால் தேசிய கல்வி நிறுவகம் மகரகமவில் இருக்கிறது. பொகவந்தலாவையிலிருந்து அங்கே போய்வருவது சின்ன வேலையா? இதற்கிடையில் தடுப்பில்லாத ஒரே மண்டபத்தில் மூன்று வகுப்பு. தென்மேற்குப் பருவமழை தகரக் கூரையில் அடிக்கத் தொடங்கினால், நல்ல காதுள்ள பிள்ளைக்கே பாடம் கேட்காது.

பயிற்சியில் பெரிய வித்தை எதுவும் இல்லை. பலகையைப் பார்த்துப் பேசாமல் பிள்ளைகளைப் பார்த்துப் பேசுவது, பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்தே எழுதும் பிள்ளையைக் கண் கிளினிக்குக்கு அனுப்பச் சொல்வது, எழுத முடியாதவரிடம் வாய்மொழியாக விடை கேட்பது. அப்புறம் பரீட்சை விஷயம். கண் தெரியாதவர்களுக்கு பிரெயில் வினாத்தாள், விசேட தேவை உள்ளவர்களுக்கு மேலதிக நேரம் போன்ற சலுகைகளைப் பரீட்சைத் திணைக்களம் தருகிறது. முன்கூட்டியே விண்ணப்பித்தால்தான் கிடைக்கும். அதையும் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து விளங்கப்படுத்துவோம்.

சரி, காசுக்கு வருவோம். ஒரு ஆசிரியருக்கு ஒரு நாள் பஸ் காசும் பகல் சாப்பாடும் 1,000 ரூபாய். 30 பேருக்கு ஆறு நாளைக்கு 1,80,000 ரூபாய். பயிற்சி கொடுக்க வரும் வளவாளர்களின் பயணமும் தங்குமிடமும் நாளொன்றுக்கு 15,000 வீதம் 90,000. ஒவ்வொரு வகுப்புக்கும் எழுத்து அட்டை, பெரிய எழுத்து வாசிப்புத் தாள், எண்ணும் பொருட்கள் அடங்கிய ஒரு பெட்டி 4,000 ரூபாய், ஆக 1,20,000. மொத்தம் 3,90,000. குழுவினர் நாங்களே 90,000 போட்டுவிட்டோம். மீதி மூன்று இலட்சத்துக்குத்தான் இந்த வேண்டுகோள். முழுப் பெட்டியைப் பொறுப்பேற்பவர் எந்தப் பாடசாலைக்கு என்றும் சொல்லலாம். ஐந்நூறு ரூபாய் தந்தாலும் பற்றுச்சீட்டு உண்டு. கணக்கு எழுதிய கொப்பியை யார் வேண்டுமானாலும் வந்து புரட்டிப் பார்க்கலாம். பயிற்சி முடிந்து ஒரு தவணைக்குப் பிறகு அந்த வகுப்புகளுக்குப் போய்ப் பார்த்து, எது சரிவந்தது, எது சரிவரவில்லை என்று நன்கொடையாளர்கள் எல்லாருக்கும் எழுதுவோம்.

கொழும்பில் கடை வைத்திருப்பவர்கள், வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள், தோட்டத்து இளைஞர் மன்றங்கள் எல்லாரையும் கேட்கிறோம். கையில் காசு இல்லாதவர்கள் சமையலுக்குக் கை கொடுக்கலாம். மரக்கறிக் கடைக்காரர் ஒருவர் ஆறு வாரத்துக்கும் கோவாவும் லீக்ஸும் தருவதாக ஒத்துக்கொண்டார். அரிசிக்கும் பருப்புக்கும் இன்னும் ஆள் இல்லை.

இப்படிக்கு,
பயிற்சி ஏற்பாட்டுக் குழுவினர்