பிரஷர் அட்டையில் தறிச் சத்தத்தையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய தொழிலகப் பாதுகாப்பு, பொதுச் சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். அண்மையில் ஒரு நெசவு ஆலையில் அதிகாரிகள் இரைச்சல் அளக்க வந்தபோது கூடத்தில் பாதித் தறிகள் நின்றிருந்தன. மீட்டர் 90 டெசிபல் காட்டியது. ‘வரம்புக்குள்’ என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். ஒரே மாதிரியான தறிகளில் பாதியை நிறுத்தினால் 3 டெசிபல்தான் குறையும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. எல்லாம் ஓடினால் அங்கே 93. 90 டெசிபலில் எட்டு மணி நேரம் என்று வைக்கும் நம் விதியின் கணக்குப்படியே 93 டெசிபலில் ஒருவர் ஐந்தேகால் மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது. 85-ஐ வரம்பாக வைத்து, ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரத்தைப் பாதியாக்கும் அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் பரிந்துரைப்படி பார்த்தால் ஒன்றேகால் மணி நேரம்தான். தறிக்காரர் நிற்பதோ எட்டு மணி நேரம், பல கூடங்களில் பன்னிரண்டு.

இந்த வரம்புகள் எல்லாம் காதை வைத்துப் போட்டவை. நாங்கள் எழுதுவது இதயத்தைப் பற்றி.

‘சத்தம் பழகிப்போச்சு’ என்று தொழிலாளி சொல்வார். மனசுக்குப் பழகியிருக்கலாம், இரத்தக் குழாய்க்குப் பழகுவதில்லை. ஊடை நூலைக் கொண்டு ஓடும் நாடா, தறியின் பெட்டியில் மோதும் ஒவ்வொரு அடியையும் உடம்பு ஆபத்தாகவே எடுத்துக்கொள்கிறது. அட்ரினலினும் கார்ட்டிசோலும் சுரக்கின்றன, குழாய்கள் சுருங்குகின்றன, துடிப்பு ஏறுகிறது. ஷிப்ட் முடிந்தால் இறங்க வேண்டிய அழுத்தம், வருஷக்கணக்கில் இப்படியே போனால் இறங்காமல் நின்றுவிடுகிறது. நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு, பக்கத்துக் கூடத்துத் தறி ஓடும் தெருவிலேயே பகலில் படுப்பவருக்கு, தூக்கத்தில் கிடைக்க வேண்டிய இறக்கமும் கிடைப்பதில்லை.

அவருக்கு நடப்பது என்ன? முகாமில் பிரஷர் 150/96 என்று வருகிறது. அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை 5 மில்லிகிராம் தருகிறார்கள். உப்பைக் குறை, பீடியை விடு என்கிறார்கள். இரண்டும் சரிதான். மாத்திரையைப் போட்டுக்கொண்டு அதே தறிக்குத் திரும்புகிறார். பிறகு மாத்திரை 10 மில்லிகிராம் ஆகிறது. எந்தக் கூடத்தில், எத்தனை டெசிபலில், எத்தனை மணி நேரம் நிற்கிறாய் என்று யாரும் கேட்பதில்லை. டெசிபல் ஒரு துறையின் கோப்பில் இருக்கிறது, பிரஷர் இன்னொரு துறையின் கணினியில் இருக்கிறது. இந்த இரண்டு எண்ணையும் ஒரே அட்டையில் எழுதுங்கள். நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

2024-இல் தொடங்கிய ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ஆலைக்குள்ளேயே வந்து பிரஷர் பார்க்கிறார்கள். நல்ல காரியம், மனதார வரவேற்கிறோம். ஆனால் டீ குடித்துவிட்டு வரிசையில் நிற்பவரைக் கூப்பிட்டு உட்கார வைத்த உடனே பட்டையைக் கட்டினால் வரும் எண் எதற்கும் உதவாது. தறிச் சத்தம் கேட்காத அறை வேண்டும். ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும், முதுகு சாய்ந்து, கை இதய மட்டத்தில் இருக்க வேண்டும். ஒரு நிமிடம் விட்டு இரண்டாம் முறை அளக்க வேண்டும். ஷிப்டுக்கு முன் ஒருமுறை, முடிந்ததும் ஒருமுறை என்று எடுத்தால்தான் தறிச் சத்தத்தால் வரும் வித்தியாசம் தெரியும்.

காதடைப்பான் கொடுத்துவிட்டோமே என்பீர்கள். நுரை அடைப்பானை உருட்டி, மறு கையால் காதை மேலே இழுத்து, உள்ளே விட்டு, அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று எத்தனை பேருக்குக் காட்டினார்கள்? 25 டெசிபல் தடுக்கும் அடைப்பானை எட்டு மணி நேரத்தில் அரை மணி நேரம் கழற்றி வைத்தால், மொத்தப் பலன் 12-க்கு வந்துவிடும். வியர்வையில் அது நழுவுகிறது. கழிவுப் பஞ்சைக் காதில் அடைத்துக்கொள்பவர்களே அதிகம். அதனால் பெரிதாக எதுவும் தடைபடுவதில்லை.

உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து செய்த ஆய்வுத் தொகுப்பு 2021-இல் வந்தது. 85 டெசிபலும் அதற்கு மேலும் உள்ள இடங்களில் வேலை செய்பவர்களுக்கு இதயத் தமனி நோய் வரும் வாய்ப்பு சுமார் 29 சதவீதம் கூடுதல் என்றது. சான்று இன்னும் குறைவு என்றும் அதுவே சொன்னது. எண்களைச் சேர்த்து எழுதாவிட்டால் சான்று எங்கிருந்து வரும்? இரைச்சலால் காது கேட்காமல் போவது 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் நோய்ப் பட்டியலிலேயே இருந்தது. இரைச்சலால் இதயத்துக்கு வருவது அதில் இல்லை.

இதற்கிடையே, மின்சாரத்தில் ஓடும் கூடத்தில் 20 பேர் இருந்தால்தான் தொழிற்சாலை என்கிறது தொழிலிடப் பாதுகாப்பு, உடல்நலம் பற்றிய 2020 சட்டத் தொகுப்பு. சோமனூரிலும் பள்ளிபாளையத்திலும் எட்டுத் தறி, பத்துத் தறி ஓட்டும் கூடங்களில் இருபது பேருக்கு எங்கே போவது? தகரக் கூரைக்குக் கீழே சத்தம் திரும்பத் திரும்ப அடிக்கும் அந்த இடங்களுக்கு மீட்டரே வராது. ஆள் கணக்கை வைத்து இதயத்தைத் தள்ளி வைப்பது அநியாயம்.

கோபத்தில் நீட்டிவிட்டோம், பொறுத்துக்கொள்ளுங்கள். எல்லாத் தறியும் ஓடும்போது, தொழிலாளியின் காதருகே, முழு ஷிப்டுக்கும் இரைச்சலை அளக்கச் சொல்லுங்கள். நாடாவை அடித்துத் தள்ளும் பிக்கரும் மோதலைத் தாங்கும் பஃபரும் தேய்ந்திருந்தால் மாற்றவும், தளர்ந்த போல்ட்டை முடுக்கவும், தறிக்காலுக்கு ரப்பர் மெத்தை வைக்கவும் முதலாளிகளுக்கு எழுத்தில் சொல்லுங்கள். அளந்த டெசிபலையும் பிரஷரையும் ஒரே அட்டையில் பதிவு செய்யுங்கள். சிறு கூடங்களையும் சேர்த்து, அடுத்த முகாமிலிருந்தே இதைத் தொடங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
விசைத்தறித் தொழிலாளர் உடல்நலத்தில் அக்கறை கொண்டோர்