கிராமத்தில் குடியேறப் போகும் நண்பருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். நகரத்து வேலையை விட்டுவிட்டு, கிராமத்தில் நிலம் வாங்கி அமைதியாக வாழப் போவதாக எழுதியிருந்தீர்கள். மிக்க மகிழ்ச்சி. ஆனால் அமைதியை மட்டுமே நம்பிச் செல்பவர்கள் விரைவிலேயே சலித்துப்போகிறார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

நீங்கள் பார்த்து மயங்கும் அந்தப் பசுமையை ஒவ்வொரு நாளும் யாரோ பாடுபட்டுக் காப்பாற்றி வருகிறார்கள். ஒரு வரப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். தொலைவில் அது புல் படர்ந்த வெறும் கோடு. குனிந்து பார்த்தால்தான் நண்டு வளையும் எலி வளையும் கண்ணில் படும். விரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டையைக் கவனிக்காமல் விட்டால், இரவோடு இரவாக நீர் அதை அரித்துப் பெரிதாக்கி, மேல்வயலை வடியவிட்டுக் கீழ்வயலை மூழ்கடித்துவிடும். அதனால்தான் மண்வெட்டியும் கையுமாக ஒருவர் வரப்பைச் சுற்றி வந்து, சேற்றை வாரி அடைத்து, காலால் மிதித்து இறுக்குகிறார். பிலிப்பைன்ஸ் மலைச்சரிவுகளின் நெல் வயல் அடுக்குகள் 1995இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டன. இளைஞர்கள் வெளியேறி, பராமரிக்க ஆளின்றிச் சரியத் தொடங்கியதால், 2001இல் ஆபத்திலுள்ள சின்னங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. சீரமைப்புக்குப் பிறகு 2012இல்தான் அதிலிருந்து நீக்கப்பட்டன.

கீழ்வயல் இன்னொருவருடையது என்பதையும் நினைவில் வையுங்கள். உங்கள் கவனக்குறைவு அவருடைய விளைச்சலைப் பாதிக்கும் என்பதால், மனத்தாங்கல் இருந்தாலும் அவரோடு பேசித்தான் ஆக வேண்டும். கிராம வாழ்க்கையின் தன்மையே இதுதான் என்று நான் கருதுகிறேன். எல்லோரும் எல்லோரையும் அறிந்திருப்பது நோய்நொடியில் துணை நிற்கும். அதுவே பெண்களுக்கும் நிலமற்றவர்களுக்கும் ஓயாத கண்காணிப்பாகவும் மாறும்.

1950இல் உலக மக்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் ஊர்ப்புறங்களில் வாழ்ந்தனர். 2018இல் அது 45 விழுக்காடாகக் குறைந்தது. ஊரைவிட்டு நகரத்துக்குப் போனவர்களுள், பிழைப்பில்லாமலும், பள்ளியும் மருத்துவமனையும் எட்டாமலும் கிளம்பியவர்கள் ஏராளம். மண்ணை மறந்தவர்கள் என்று அவர்களைப் பழிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பத்திரம் முடிக்கும் முன், அந்த நிலத்தைக் கடுங்கோடையில் ஒரு முறையும் அடைமழையில் ஒரு முறையும் போய்ப் பாருங்கள். நீர் எங்கிருந்து வருகிறது, யாருடைய நிலத்தின் வழியாக வடிகிறது என்பதைத் தரகரிடம் விசாரிக்காமல், பக்கத்து நிலத்துக்காரரிடம் நேரில் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்