ஃபிராங்க்ஃபுர்ட்டர் டோரில் இறங்கு

அன்புள்ள செல்வம்,

மூன்று மாதமாகப் பதில் போடாமல் விட்டது என் தப்புதான். இங்கே எல்லோரும் சுகம். உன் பயணத் திட்டத்தைப் பார்த்த பிறகு கை சும்மா இருக்கவில்லை. பெர்லினின் கார்ல் மார்க்ஸ் அலே என்ற அகலச் சாலைக்கு அரை மணி நேரம், அதுவும் பஸ் ஜன்னல் வழியாகவா? வேண்டாம்டா. அரை நாள் ஒதுக்கு.

யூ5 மெட்ரோ ரயிலில் ஃபிராங்க்ஃபுர்ட்டர் டோரில் இறங்கி மேற்கே நட. காகித டிக்கெட் என்றால் ஏறுமுன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்து. குத்தாவிட்டால் 60 யூரோ அபராதம். காலையில் போனால் வெயில் முதுகில் விழும், கண் கூசாது. எதிரே 368 மீட்டர் டிவி கோபுரம் தெரியும், வழி தப்பாது.

இந்தத் திசையில் நடந்தால்தான் கட்டடங்கள் ஏறக்குறைய வயது வரிசையில் வரும். முதலில் கட்டடக் கலைஞர் ஹென்செல்மன் எழுப்பிய இரட்டைக் கோபுரங்கள். அதே ஊரின் ஜெண்டார்மென்மார்க்ட் சதுக்கத்துத் தேவாலயக் கோபுரங்களின் சாயல் அவற்றில் இருக்கும். பிறகு, 90 மீட்டர் அகலச் சாலையின் இருபுறமும் தொழிலாளர்களுக்கென்று அரண்மனை மாதிரி கட்டிய அடுக்குமாடி வீடுகள். வேபர்வீசெ நிலையத்தருகே மரங்களுக்குப் பின்னால் எட்டிப் பார். லுட்மில்லா ஹெர்ட்சென்ஸ்டைன் வடிவமைத்த எளிய வீடுகள் அங்கே இருக்கின்றன. 1950இல் முடிந்தவை. அலங்காரம் மிகுந்த மாஸ்கோ பாணி வந்ததும் அவை அதிகாரிகளின் கண்ணை உறுத்தின. மறைக்க மரம் நட்டார்கள். பலரும் கவனிக்காமல் தாண்டிவிடுவார்கள்.

முகப்பு டைல்ஸைக் கிட்டப் போய்ப் பார். இடுக்கில் இறங்கும் மழைநீர் குளிரில் உறைந்து விரியும். டைல்ஸ் காரையை விட்டுக் கழன்றுவிடும். இந்தத் தெருவில் அப்படி நிறைய உதிர்ந்தன. ஜெர்மனி இணைந்த பிறகுதான் பெரிய அளவில் சீர்செய்தார்கள்.

இன்னொன்றும் மனதில் வைத்துக்கொள். அன்று இதற்கு ஸ்டாலின் அலே என்று பெயர். வேலை அளவைப் பத்து சதவீதம் கூட்டியதற்கு எதிராக 1953 ஜூன் 16இல் இந்தச் சாரங்களிலிருந்துதான் கொத்தனார்கள் இறங்கி ஊர்வலம் போனார்கள். மறுநாள் சோவியத் டாங்கிகள் வந்தன. கிழக்கு ஜெர்மனி முழுக்க 50 பேருக்கு மேல் செத்தார்கள். அந்த மாளிகைகளின் அழகை ரசிக்கும்போதே நெஞ்சு கனக்கும்.

ஸ்ட்ராஸ்பெர்கர் பிளாட்ஸ் சதுக்கத்தைத் தாண்டியதும் அலங்காரம் சட்டென்று நின்றுவிடும். 1954 இறுதியில் சோவியத் தலைவர் குருஷேவ் ஆடம்பரக் கட்டடங்களைச் சாடினார். அதன் விளைவு இங்கே கண்ணெதிரே நிற்கிறது: ஆலையில் வார்த்து கிரேனால் அடுக்கிய கான்கிரீட் பலகை வீடுகள். அவற்றுக்கு நடுவே கினோ இன்டர்நேஷனல் திரையரங்கு, 1963. மேல்தளம் தூணில்லாமல் சாலைப் பக்கம் நீண்டிருக்கும். பக்கச் சுவரின் புடைப்புச் சிற்பங்களை விட்டுவிடாதே. எதிரே கஃபே மாஸ்கோ; கூரையில் சோவியத் செயற்கைக்கோள் ஸ்புட்னிக்கின் மாதிரி.

பலகை மூட்டுகளை நெருக்கத்தில் இரண்டு படம் எடு. அவற்றைப் பற்றி முருகேசனோடு எனக்கிருக்கும் பழைய வாக்குவாதம் இன்னும் முடியவில்லை. எந்தத் தேதியில் இறங்குகிறாய் என்று எழுது.

அன்புடன்,
பாலு